பத்து இலட்சமும் ஒரு பழைய மைனரும்

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபோது, "எங்களுக்கென்ன, நாங்கள் புதுக்கார் வாங்கிற ஆக்களே?" என்றுதான் எங்கள் ஊரிலே பலரும் கதைத்தார்கள். ஆனால் புதியது வராமற் போனால் பழையதின் விலை ஏறும் என்பதை இரண்டே வருடத்தில் எல்லோரும் கண்டோம். பதினைந்து, இருபது வருடம் ஓடிய சின்ன ஜப்பான் கார்களும் இந்தியக் கார்களும்கூட, மாதச் சம்பளக்காரரின் கைக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விட்டன.

அந்த நேரத்தில்தான் எங்கள் வீட்டுக்கு ஒரு கார் கட்டாயமாகத் தேவைப்பட்டது. 2022 இன் கடைசியில் அம்மாவுக்குப் பாரிசவாதம் வந்து இடது கையும் காலும் சோர்ந்து போயின. கிழமைக்கு இரண்டு நாள் பிசியோதெரபிக்குக் கொண்டுபோக வேண்டும். ஓட்டோவிலே ஏற்றி இறக்குவது அம்மாவுக்கும் வேதனை, தூக்குகிற எனக்கும் வேதனை. வாடகைக் கார் பிடித்தால் மாதச் சம்பளத்தில் பெரும்பங்கு அதற்கே போய்விடும். இவர் வவுனியாவில் வேலை. வெள்ளி இரவு வந்து ஞாயிறு பின்னேரம் போய்விடுவார். ஆகவே காரை வாங்கினாலும் ஓட்டப் போகிறவள் நான்தான். சாரதி அனுமதிப்பத்திரம் எடுத்து ஆறு வருடமாக அலுமாரிக்குள் கிடந்தது.

சீட்டுக் காசு நாலு இலட்சம், சேமிப்பு மூன்றரை, இரண்டு காப்பு விற்ற காசு இரண்டரை. எல்லாமாகப் பத்து இலட்சம். அந்தக் காசுக்கு அன்று கிடைக்கக்கூடியவை, என் அப்பா காலத்துக் கார்கள்தான்.

அப்பா யாழ்ப்பாணப் பட்டணத்தில் வாடகைக் கார் ஓடியவர். ஓஸ்ரின் ஏ40 சொமர்செற். 1990 இல் திரும்பவும் யுத்தம் தொடங்கி வடக்குக்கு எரிபொருள் வராமல் நின்றபோது, அந்தக் காரை மண்ணெண்ணெயில் ஓட வைத்தவர்களில் அவரும் ஒருவர். மண்ணெண்ணெய் குளிரிலே ஆவியாகாது. ஆகவே முதலில் சில துளி பெற்றோலைக் காபரேட்டருக்குள் விட்டு எஞ்சினைக் கிளப்பி, சூடேறிய பிறகுதான் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். அந்தத் துளிகளை எண்ணி விடுவது பன்னிரண்டு வயதில் என்னுடைய வேலை. பழைய பிரித்தானியக் கார்களின் எஞ்சின்களில் அமுக்கம் குறைவு. அதனால்தான் அவை அந்தச் சித்திரவதையைத் தாங்கின. 1995 ஒக்ரோபர் இடம்பெயர்வில் அந்தக் கார் வீட்டோடு நின்றது. நாங்கள் திரும்பியபோது அது இல்லை.

ஆகவே "பழைய கார்" என்ற சொல் எனக்குப் பயத்தைத் தரவில்லை. ஆனால் பாசத்தை நம்பிக் காசைக் கொடுக்க முடியாது. எங்கள் வீதியில் நாற்பது வருடமாகக் கராச் வைத்திருக்கும் ஐயாவிடம் போய்க் கேட்டேன். அவர் சொன்னது இதுதான்: "பிள்ளை, ஓஸ்ரினை விடுங்கோ, மொறிஸ் மைனர் பாருங்கோ. சாமான் கிடைக்கும். எஞ்சின் எப்பிடி இருந்தாலும் செய்யலாம். கறள் திண்ட உடம்பைச் செய்ய வெளிக்கிட்டால் உங்கட காணியையும் விக்க வேண்டி வரும்."

மொறிஸ் மைனர் 1948 இல் இலண்டன் மோட்டார் கண்காட்சியில் வெளிவந்த கார். அதை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ்தான் பின்னர் 1959 இல் மினி காரையும் தந்தவர். மைனரின் பரிசோதனைக் காரைப் பார்த்து, இது ஒடுக்கமாக இருக்கிறதே என்று எண்ணிய அவர், அதை நெடுக்கே இரண்டாக வெட்டி நாலு அங்குலம் அகட்டினாராம். பொனற்றின் நடுவிலே ஓடும் தட்டைப் பட்டி அந்த நாலு அங்குலத்தின் அடையாளம். 1952 இல் 803 சீசீ, 1956 இல் 948 சீசீ, 1962 இல் 1098 சீசீ என்று எஞ்சின் வளர்ந்தது. 1956 வரை முன் கண்ணாடி இரண்டு துண்டு. பிறகு ஒற்றைக் கண்ணாடி. பதினாறு இலட்சத்துக்கு மேற்பட்ட கார்கள் செய்யப்பட்டன. அதன் எஞ்சின் வகை மினியோடு 2000 ஆம் ஆண்டு வரை உற்பத்தியில் இருந்ததால் உதிரிப்பாகப் பஞ்சம் பெரிதாக இல்லை. 1990களில் இலங்கையிலேயே மைனருக்கான உடற்தகடுகளைச் செய்து, இங்கிலாந்தின் பாத் நகருக்கு அனுப்பினார்கள் என்பது நம்மில் பலருக்குத் தெரியாத செய்தி.

தேடத் தொடங்குமுன் ஒரு கொப்பியில் கணக்கெழுதினேன். பத்து இலட்சம் இருக்கிறது என்பதற்காகப் பத்து இலட்சத்துக்குக் கார் பார்க்கக்கூடாது. காரின் விலை ஏழுக்கு மேலே போகக்கூடாது. மிச்சம் மூன்றும் திருத்த வேலைக்கும், பெயர் மாற்றத்துக்கும், காப்புறுதிக்கும். அறுபது வருடக் கார் எதுவும் வாங்கிய அன்றே பிறேக், ரயர், வயர் என்று கேட்கத்தான் செய்யும். இன்னொன்றும் எழுதினேன்: முடியுமானால் இரண்டு கதவுக் கார். நாலு கதவுக் காரில் முன்கதவு சிறிது. இரண்டு கதவுக் காரில் கதவு அகலம். அம்மாவைத் திருப்பி இருத்தி, காலை மெல்ல உள்ளே எடுத்து வைக்கலாம்.

முதலாவது கார் கொக்குவிலில். கடும் சிவப்பு நிறம், கண்ணாடி போன்ற மினுக்கம், புது இருக்கைத் துணி, பாட்டுப் பெட்டி. எட்டரை இலட்சம் கேட்டார்கள். ஏழரைக்கு இறங்குவோம் என்றார்கள். என் கைப்பைக்குள் மெல்லிய துணி சுற்றிய ஒரு காந்தம் இருந்தது. கதவிலே வைத்தேன், ஒட்டியது. கதவுக்குக் கீழே முன் சில்லிலிருந்து பின் சில்லு வரை நீளமாக ஓடும் தகட்டுப் பெட்டியில் வைத்தேன், விழுந்தது. இன்னும் நாலு இடத்தில் வைத்தேன், நாலிலும் விழுந்தது. உள்ளே தகடு இல்லை, வெறும் பட்டி. மைனருக்குத் தனியான சட்டகம் கிடையாது. உடம்பேதான் அதன் எலும்பு. அந்தப் பெட்டியும், ஜக் வைக்கும் குறுக்குச் சட்டமும், பின் வில்லுத் தகடுகள் மாட்டியிருக்கும் இடமும் கறள் பிடித்துவிட்டால் அது அழகுக் குறை அல்ல, முதுகெலும்பு முறிவு. கடற்காற்று வீசும் எங்கள் பகுதியில் இது எந்தக் காருக்கும் வரக்கூடிய நோய். வந்த நோயை மறைத்து நிறமடித்து விற்பதுதான் குற்றம்.

நான் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சாக்கு விரித்துக் காருக்குக் கீழே படுத்தபோது அந்த வீட்டுக்காரர் சிரித்தார். "என்ன தங்கச்சி, ஆம்பிளையள் ஒருத்தரும் வரேல்லையோ?" என்று கேட்டார். "காசு என்ரை, அண்ணை" என்று மட்டும் சொன்னேன்.

இரண்டாவது சாவகச்சேரிப் பக்கம். இரண்டு துண்டுக் கண்ணாடியுள்ள பழைய மாதிரி. விலை நாலரை இலட்சம்தான். உடம்பு நல்லது, எஞ்சின் சத்தம் மென்மை. எல்லாம் நன்றாக இருந்ததால் புத்தகத்தைக் கேட்டேன். பதிவிலே இருந்தவர் எண்பதுகளில் வெளிநாடு போனவர்; உயிரோடு இருக்கிறாரா என்பதே தெரியாது. அதற்குப் பிறகு நாலைந்து கை மாறியிருக்கிறது, ஒருவரும் தம் பெயருக்கு மாற்றவில்லை. கையெழுத்து வைத்த வெற்றுப் படிவத்தோடு வாகனத்தைக் கைமாற்றுவது நம் நாட்டில் வெகு சாதாரணமாகிவிட்டது. எஞ்சின் அறையிலே இருந்த தகட்டின் இலக்கத்தைப் புத்தகத்தோடு ஒப்பிட்டால், கடைசி இரண்டு எண்கள் வேறு. யுத்த காலத்தில் பத்திரங்களைத் தொலைத்தவர்கள் நம்மிடையே ஏராளம். அவர்களை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் நாளைக்கு ஒரு விபத்து நடந்தால், ஒரு சோதனை வந்தால், அந்தக் கார் யாருடையது என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இருக்காது. மனம் ஆசைப்பட்டாலும் கும்பிட்டு விடைபெற்றேன்.

அந்தக் கிழமை கனடாவிலிருந்து அக்காவின் மகன் தொலைபேசி எடுத்தான். அவனும் பழைய கார் தேடுகிறானாம். அவன் தேடுவது அமெரிக்கர்கள் 'மசில் கார்' என்று சொல்லும் வகை. 1964 இல் பொன்ரியாக் நிறுவனம் நடுத்தர அளவுக் காருக்குள் 6.4 லீற்றர் எஞ்சினை வைத்து ஜீரீஓ என்று விற்றது. அதிலிருந்துதான் அந்த மோகம் பெருகியதென்று சொல்வார்கள். "சித்தி, பேர் பெற்ற காருகள் கிட்டப் போகேலாத விலை. எழுபதுகளில வந்த பிளிமத் டஸ்ரர் மாதிரி, அவ்வளவு பேரில்லாததைத்தான் பாக்கிறன்" என்றான். அங்கே பனிக்காலத்தில் வீதிக்கு உப்புத் தூவுவார்களாம். அந்த உப்பு காரின் அடியைத் தின்றுவிடுமாம். சாதாரண எஞ்சினோடு வந்த காரில் பெரிய எஞ்சினை மாட்டி, பெயர்ப் பட்டயத்தையும் ஒட்டி, அசல் என்று விற்பவர்களும் உண்டாம். அதனால் காரின் இலக்கத்தை எழுத்தெழுத்தாகப் படித்துப் பார்க்கப் பழகிவிட்டானாம். எங்களுக்குக் கடல் உப்பு, அவனுக்கு வீதி உப்பு. எனக்குச் சாவகச்சேரியில் கிடைத்த பாடம், அவனுக்கு அங்கே கிடைத்திருக்கிறது. "உடம்பையும் புத்தகத்தையும் பார், எஞ்சினைக் கடைசியாகப் பார்" என்று கராச் ஐயா சொன்னதை அவனுக்கும் சொன்னேன். "இஞ்சையும் அதைத்தான் சொல்லினம்" என்று சிரித்தான்.

மூன்றாவது கார் அச்சுவேலியில். அதுவும் ஒரு விதத்தில் மசில் கார்தான். மைனரின் எஞ்சினைக் கழற்றிவிட்டு ஒரு ஜப்பான் எஞ்சினையும் கியர்ப் பெட்டியையும் மாட்டியிருந்தார்கள். மிதித்தால் பறந்தது. ஆனால் பிறேக் பழைய மைனரின் பிறேக்தான். நாலு சில்லிலும் அந்தக் காலத்துச் சிறிய உருளைப் பிறேக். இருமடங்கு பலத்தை ஓட வைத்துவிட்டு, நிறுத்துகிற பலத்தைப் பழையபடி விட்டிருந்தார்கள். புத்தகத்திலோ இன்னும் பழைய எஞ்சின் இலக்கம்தான். முன் சில்லை ஜக்கால் உயர்த்தி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்த்தேன், தளர்வாக ஆடியது. மைனரின் முன் சில்லைத் தாங்கும் அச்சு, கீழே ஒரு புரி பூட்டிய துண்டில் திரும்புகிறது. அதற்கு ஒழுங்காகக் கிறீஸ் அடிக்காவிட்டால் புரி தேய்ந்து, ஒருநாள் ஓடிக்கொண்டிருக்கும்போதே சில்லு மடிந்து விழும். நோயாளியை ஏற்றப் போகும் காருக்கு இதைவிட வேறு காரணம் தேவையில்லை.

மாதங்கள் போயின. சிலர் ஏளனமாகவும் சிலர் அக்கறையாகவும், "ஒரு பழங்காருக்கு ஏன் இவ்வளவு ஆராய்ச்சி? முதலில் வந்ததை வாங்கியிருக்கலாமே" என்றார்கள். காசு நிறைய இருப்பவர் பிழைத்துப்போன காரை விற்றுவிட்டு இன்னொன்றை வாங்கலாம். எனக்கு இரண்டாவது பத்து இலட்சம் கிடையாது. விற்பதற்கு மூன்றாவது காப்பும் கிடையாது. குறைந்த காசில் தேடுகிறவளுக்குத்தான் கூடிய பொறுமை வேண்டும்.

நாலாவது கார் 2023 ஆவணியில், மானிப்பாயில், சக ஆசிரியை ஒருவர் சொல்லித் தெரிய வந்தது. விளம்பரம் எதுவும் இல்லை. ஓய்வுபெற்ற உத்தியோகத்தர் ஒருவர் வைத்திருந்த 1965 ஆம் ஆண்டு மைனர், 1098 சீசீ, இரண்டு கதவு. அவர் காலமாகி மூன்று வருடம். சாம்பல் நிறம் வெளிறி, இருக்கை கிழிந்து, கோழிகள் ஏறி இருந்த தடயத்தோடு கொட்டிலுக்குள் நின்றது. பற்றறி செத்துப் போயிருந்தது. பார்க்க ஒருவரும் விரும்பாத கோலம்.

கீழே படுத்துப் பார்த்தேன். அடிப்பாகம் முழுவதும் கறுப்பாக, பிசுபிசுப்பாக இருந்தது. துணியால் துடைத்தால் உள்ளே முழுத் தகடு. அந்த அம்மா சொன்னார்: "அவர் ஒவ்வொரு மாரிக்கு முன்னமும் கழிவு ஒயிலை எடுத்து அடியெல்லாம் பூசுவார். நான் நிலம் ஊத்தையாகுதெண்டு பேசுவன்." அந்த ஊத்தைதான் காரைக் காப்பாற்றியிருந்தது. காந்தம் வைத்த இடமெல்லாம் ஒட்டியது. புத்தகம் ஏற்கெனவே முறைப்படி அந்த அம்மாவின் பெயருக்கு மாற்றப்பட்டிருந்தது. இலக்கங்கள் ஒவ்வொன்றும் சரி.

கராச் ஐயா வந்து வேறொரு பற்றறி பூட்டினார். அந்தக் காலத்து மைனரில் பற்றறியின் நேர்முனைதான் உடம்போடு இணைக்கப்பட்டிருக்கும். இன்றைய கார்களுக்கு நேர் எதிர். இது தெரியாமல் பூட்டினால் வயரும் கருவிகளும் எரிந்துவிடும். பழைய பெற்றோலை வடித்து, கையால் எஞ்சினைச் சுற்றிப் பார்த்து, பிறகுதான் கிளப்பினார். நீலப் புகை இல்லை. "ஹெட் இறக்கி வேலை செய்ததோ அம்மா?" என்று கேட்டார். 2002 இல் இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோல் நிறுத்தப்பட்டது. பழைய எஞ்சின்களில் வால்வு அமரும் இடம் தேயாமல் பாதுகாத்தது அந்த ஈயம்தான். அதற்குப் பதிலாகக் கடின உலோக வளையம் போட வேண்டும். அந்த அம்மா ஒரு பழைய பிஸ்கட் பெட்டியைக் கொண்டுவந்தார். கணவர் செய்வித்த ஒவ்வொரு வேலைக்கும் பற்றுச்சீட்டு அதற்குள்ளே அடுக்கி இருந்தது. வளையம் போட்டதற்கும் இருந்தது.

ஏழு இலட்சம் சொன்னார். ஆறு இலட்சத்து எண்பதாயிரத்துக்கு ஒத்துக்கொண்டார். அதற்குக் கீழே நான் கேட்கவில்லை. "கோழிக் கூடாக்கிப் போடாமல் ஓடுவியள்தானே பிள்ளை?" என்று மட்டும் கேட்டார். அவர் கண் கலங்கியிருந்தது.

இதை வாசிக்கும் சகோதரிகளுக்குப் பயன்படும் என்று என் கணக்கையும் தருகிறேன். பிறேக் முழுவதும் 48,000. அதன் பிரதான உருளை சாரதியின் காலடித் தரைக்குக் கீழே ஒளிந்திருப்பதால் கழற்றுகிற கூலியே அதிகம். முன் சில்லு அச்சு, புரித்துண்டு வேலைகள் 65,000. நாலு ரயர் 76,000. பற்றறி 32,000. வயர் மாற்றமும் முன் இருக்கைகளுக்கு ஆசனப் பட்டியும் 40,000. பெயர் மாற்றம், வருமான அனுமதிப்பத்திரம், காப்புறுதி எல்லாம் 34,000. காரின் விலையோடு கூட்டினால் 9,75,000 ரூபா. மிச்சம் இருபத்தையாயிரம். நிறம் அடிக்கவில்லை, கிழிந்த இருக்கைக்கு நானே துணி தைத்துப் போட்டேன். ஓட்டத்துக்கும் நிறுத்தத்துக்கும் செலவழித்த பிறகுதான் அழகு.

இது எல்லோருக்கும் ஏற்ற கார் என்று சொல்லமாட்டேன். காற்றுப்பை இல்லை, குளிரூட்டி இல்லை. மழையில் கதவோரம் கசியும். நெடுஞ்சாலையில் வேகமாக ஓடுகிறவர்கள் பின்னால் நின்று ஹோர்ன் அடிப்பார்கள். லீற்றருக்குப் பன்னிரண்டு கிலோமீற்றர் அளவில்தான் ஓடுகிறது. 2022 யூலையில் கார் ஒன்றுக்கு வாரம் 20 லீற்றர் என்று பங்கிட்ட காலத்தையும், அதற்குச் சற்று முன் பெற்றோல் 470 ரூபாவைத் தொட்டதையும் மறந்துவிட்டு யாரும் கார் வாங்கக்கூடாது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதிக்கு மறுபடி வழி திறந்தபோது, "பொறுத்திருந்தால் வேறு கார் வாங்கியிருக்கலாமே" என்று கேட்டார்கள். அம்மாவின் காலுக்குப் பொறுத்திருக்க நேரம் இருக்கவில்லை.

வாங்க எண்ணுபவர்களுக்கு இரண்டொரு வார்த்தை. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே போய்ப் பாருங்கள். உங்களுக்கு முன்னமே சூடாக்கி வைத்திருந்தால் ஏனென்று கேளுங்கள். மழை நாளில் அல்ல, வெயிலில் பாருங்கள். ஈரம் பல குறைகளை மறைக்கும். விற்பவர் சொல்லும் கதையைக் கேளுங்கள், ஆனால் கொப்பியில் இலக்கத்தை எழுதுங்கள். நம்பிக்கையான ஒரு மெக்கானிக்குக்குக் கூலி கொடுத்துக் கூட்டிப் போங்கள், அது செலவல்ல. அவரோடு நீங்களும் குனிந்து பாருங்கள், கேள்வி கேளுங்கள். எங்கள் வீட்டுப் பெண்கள் நகைக் கடையில் காட்டும் கவனத்தில் பாதியைக் காட்டினாலே போதும், ஒருவரும் இலகுவில் ஏமாற்ற முடியாது.

மாதம் ஒருமுறை, சனிக்கிழமை காலையில், நானே கிறீஸ் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு கீழே படுக்கிறேன். மாரிக்கு முன் கழிவு ஒயில் பூசுகிறேன். நிலம் ஊத்தையாகிறது என்று அம்மா திண்ணையிலிருந்து பேசுகிறார். முந்தி இரண்டு பேர் தாங்கிப் பிடித்த அம்மா, இப்போது ஒரு கையால் கதவைப் பிடித்துத் தானே திரும்பி அமர்கிறார். அந்த அகலக் கதவுக்காக எட்டு மாதம் தேடியது வீண் போகவில்லை.